பாதை வேறு, கோப்பு வேறு

லினக்ஸ் கணினியில் ஒரே கோப்புறைக்குள் 'கோயில்' என்ற பெயரில் இரண்டு கோப்புகள் இருக்க முடியும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை. 'கோ'வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம் என்பதுதான் காரணம். அதற்கென உள்ள ஒற்றைக் குறியீட்டால் எழுதலாம். இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளை அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். இரண்டும் சமம் என்பது யூனிகோடின் விதி. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகள் அந்த விதியைப் பார்ப்பதில்லை. அவற்றுக்குப் பெயர் என்பது பைட்டுகளின் வரிசை. வரிசை வேறானால் பெயரும் வேறு. ஆப்பிளின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் முறைமையோ எந்தப் பெயரையும் குறிகளைப் பிரித்தே சேமித்தது. அந்த வட்டிலிருந்து பிரிந்த வடிவிலேயே லினக்ஸுக்கு வந்து சேர்ந்த 'கோயில்' கோப்பை, ஒற்றைக் குறியீட்டில் தட்டச்சு செய்த 'கோயில்' என்ற பெயரைக் கொடுத்துத் திறந்தால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பதில் வரும். கோப்பு அங்கேதான் இருக்கும்.

யூனிகோடின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். நான் நகரப்போவதில்லை. பெயரைக் கோப்பின் அடையாளமாகக் கொண்டதன் விளைவு இது. இதே நோய் வேறு பத்து இடங்களில் வேறு பத்து வடிவங்களில் வெளிப்படுகிறது. கோப்பு என்றால் அதன் பெயர், பெயர் போதாவிட்டால் முழுப்பாதை என்ற நம்பிக்கை கணினியைத் தொட்ட அத்தனை பேரிடமும் இருக்கிறது. கணினியைப் பயன்படுத்துகிறவர் அப்படி நம்புவதில் தவறில்லை; அவர் வேறு எதையும் அறிந்திருக்க வேண்டிய அவசியமே வரக்கூடாது. ஆனால் அவருடைய புகைப்படங்களையும் கணக்குகளையும் கடிதங்களையும் காப்பாற்றும் பொறுப்பில் இருக்கிற நிரலாளரும் அதையே நம்புகிறாரே, அதைத்தான் கண்டிக்கிறேன். பாதையை ஒரு சரத்தில் எழுதி வைத்துக்கொண்டு, கோப்பையே கையில் பிடித்துவிட்டதாக நினைக்கிற நிரல்கள் ஆட்களின் உழைப்பைத் தொலைத்திருக்கின்றன. கணினிகளின் பூட்டுகளை உடைக்க வழிவிட்டிருக்கின்றன.

இந்த நம்பிக்கை தவறு என்பது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. டென்னிஸ் ரிட்சியும் கென் தாம்சனும் யூனிக்ஸைப் பற்றி 1974இல் வெளியிட்ட கட்டுரையிலேயே விஷயம் தெளிவாக இருக்கிறது. அவர்கள் கட்டிய முறைமையில் கோப்பு ஒன்று, கோப்புறையில் எழுதப்படும் பெயர் வேறொன்று. கோப்பின் அளவு, உரிமையாளர், அனுமதிகள், அதன் தரவு வட்டில் எங்கெங்கே கிடக்கிறது என்ற விவரம் எல்லாம் ஐநோட் எனும் சிறு பதிவில் இருக்கும். அந்தப் பதிவுக்கு ஓர் எண் உண்டு. கோப்புறை என்பது பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல் மட்டுமே. ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரியும் 16 பைட். ஐநோட் எண்ணுக்கு 2 பைட், பெயருக்கு 14 பைட். ஐநோட்டுக்குள் தேடினால் கோப்பின் பெயர் கிடைக்காது, ஏனென்றால் அது அங்கே எழுதப்படுவதே இல்லை. தன்னை எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்பது கோப்புக்குத் தெரியாது.

ஆகவே ஒரே கோப்புக்கு இரண்டு கோப்புறைகளில் இரண்டு பெயர்கள் வைக்கலாம். ஹார்டு லிங்க் என்று சொல்வது இதைத்தான். இரண்டில் எது அசல் என்று கேட்கவே இடமில்லை. இரண்டுக்கும் சம உரிமை. ஒன்றை நீக்கினால் அந்தப் பெயர் மட்டும் போகும். கடைசிப் பெயரும் போய், கோப்பைத் திறந்து வைத்திருக்கிற கடைசி நிரலும் அதை மூடிய பிறகுதான் வட்டில் இடம் விடுபடும். சர்வர் பராமரிக்கிறவர்கள் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். வட்டு நிரம்பிவிட்டதே என்று பெரிய லாக் கோப்பு ஒன்றை நீக்குவார்கள். ஒரு பைட் கூடத் திரும்பாது. கோப்புறைகளைக் கூட்டிப் பார்க்கும் டியூ கட்டளை ஒரு கணக்குச் சொல்லும். வட்டையே விசாரிக்கும் டிஎஃப் கட்டளை வேறு கணக்குச் சொல்லும். லாக் எழுதும் நிரல், பெயரில்லாத அந்தக் கோப்பில் இன்னும் எழுதிக்கொண்டே இருக்கும். பெயர்தான் கோப்பு என்று நம்புகிறவருக்கு இந்தக் காட்சி புரியவே புரியாது.

இது வெறும் குழப்பம். ஆபத்து எங்கே வருகிறது என்று பார்ப்போம்.

அதே ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் புதிய கோப்புறை உண்டாக்க, இயங்குதளத்தின் மையமான கெர்னலில் தனி அழைப்பு கிடையாது. எம்கேடிர் என்ற நிரல்தான் அதைச் செய்தது. கணினியின் முழு அதிகாரமும் கொண்ட ரூட் பயனராக அது இயங்கியது. முதலில் கொடுத்த பெயரில் கோப்புறையை உண்டாக்கும். அப்போது அது ரூட்டுக்குச் சொந்தமாக இருக்கும். அடுத்த படியில், அதே பெயரைச் சொல்லி, கேட்டவருக்கு உரிமையை மாற்றித் தரும். இரண்டு படிகளிலும் நிரல் கெர்னலிடம் கொடுத்தது ஒரே பாதை. ஆனால் பாதை ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்றாக இருக்கும் என்று யார் உறுதி தந்தது? இரண்டு படிகளுக்கும் நடுவே இருக்கிற கண நேரத்தில், தாக்குகிறவர் அந்தக் கோப்புறையை நீக்கிவிட்டு, கணினியின் பாஸ்வேர்டு கோப்புக்கு அதே பெயரில் ஒரு ஹார்டு லிங்க் போட்டால் போதும். எம்கேடிர் எதையும் சந்தேகிக்காமல் பாஸ்வேர்டு கோப்பை அவருக்குச் சொந்தமாக்கிவிடும். 1983இல் வந்த 4.2 பிஎஸ்டி, கோப்புறை உண்டாக்குவதை ஒரே கெர்னல் அழைப்பாக மாற்றிய பிறகே இந்த ஓட்டை அடைபட்டது.

ஒரு ஓட்டைதான் அடைபட்டது. நம்பிக்கை அப்படியே இருந்தது. பாதையைக் கொடுத்து அனுமதியைச் சோதி, பிறகு அதே பாதையைக் கொடுத்துக் கோப்பைத் திற என்று எழுதப்பட்ட நிரல்கள் ஆயிரக்கணக்கில் பெருகின. சோதித்தது ஒன்றாகவும் திறந்தது வேறொன்றாகவும் இருக்கலாம் என்பதை அவற்றை எழுதியவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. மேட் பிஷப்பும் மைக்கேல் டில்ஜரும் 1996இல் இந்த வகைப் பிழையை நிரல்களில் தேடிக் கண்டுபிடிப்பதைப் பற்றித் தனி ஆய்வே எழுத வேண்டியிருந்தது. எல்லோரும் எழுதக்கூடிய தற்காலிகக் கோப்புறையில், வேறொரு பாதையைச் சுட்டும் சிம்லிங்க் எனும் கோப்பை வைத்து ஏமாற்றும் தாக்குதல்கள் ஓயவே இல்லை. கடைசியில் 2012இல் லினக்ஸ் கெர்னல், நிரலாளர்கள் திருந்துவார்கள் என்று காத்திராமல், அத்தகைய சிம்லிங்க்குகளைப் பின்தொடர்வதற்குத் தானே ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. இந்தக் கோப்புறைக்கு வெளியே போகாமல் பாதையைத் தேடிக் கொடு என்று கெர்னலிடம் கேட்பதற்கான அழைப்பு வர 2020 ஆயிற்று. எம்கேடிர் ஓட்டை அடைபட்டு முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து!

பழைய சர்வர் கதை என்று யாரும் இதைத் தள்ளிவிட வேண்டாம். உங்கள் கைப்பேசியில் எஸ்க்யூலைட் தரவுத்தளங்கள் நிறைய இருக்கின்றன. தொடர்புகள், குறுஞ்செய்திகள், உலாவியின் வரலாறு எல்லாம் பெரும்பாலும் அதில்தான் கிடக்கின்றன. எஸ்க்யூலைட்டை எழுதுகிறவர்கள் தரவின் பாதுகாப்பில் அபாரமான அக்கறை கொண்டவர்கள். அவர்களே, தரவுத்தளம் எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்று விளக்கி ஓர் ஆவணம் வைத்திருக்கிறார்கள். ஒரே கோப்பை இரண்டு பெயர்களால் திறப்பது அதில் இடம்பெற்றிருக்கிறது. தரவுத்தளத்தை மாற்றும் முன், பழைய பக்கங்களை ஒரு ஜர்னல் கோப்பில் எழுதி வைப்பது எஸ்க்யூலைட்டின் இயல்பான முறை. நடுவில் மின்சாரம் போனாலும் அடுத்து திறக்கும்போது ஜர்னலைப் பார்த்துப் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். அந்த ஜர்னலை எப்படிக் கண்டுபிடிப்பது? தரவுத்தளத்தின் பெயரோடு ஒரு பின்னொட்டைச் சேர்த்து. அதாவது பெயரால்! ஒரு ஹார்டு லிங்க் பெயரில் திறந்து எழுதும்போது கணினி நின்றுபோய், மறுபடி வேறு பெயரில் திறந்தால், ஜர்னல் கண்ணில் படாது. பாதி எழுதிய தரவுத்தளத்தை முழுமையானதாக நினைத்து மேற்கொண்டு எழுதத் தொடங்கிவிடும். திறந்திருக்கும் தரவுத்தளத்தை நீக்கிவிட்டு அதே பெயரில் புதிதாக ஒன்றை வைத்தாலும் ஆபத்து: இரண்டு நிரல்கள் இரண்டு வெவ்வேறு கோப்புகளை வைத்துக்கொண்டு ஒரே ஜர்னல் பெயருக்காக மோதிக்கொள்ளும். சிம்லிங்க் வழியாக வரும் இதே ஆபத்தைப் போக்க, 2016இல் வந்த 3.10 பதிப்பில்தான் பாதையை அதன் மூலப்பெயர்வரை தேடிப் பிடிக்கத் தொடங்கினார்கள். ஹார்டு லிங்க்குக்கு அந்த வைத்தியமும் பலிக்காது. அதற்கு மூலப்பெயர் என்று ஒன்று இல்லையே. இத்தனை கவனத்தோடு எழுதப்பட்ட மென்பொருளையே பெயர் இப்படிக் காலை வாருகிறது என்றால், அவசரத்தில் எழுதப்பட்ட மற்றவற்றின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் விஷயம் தெரிந்தவர்கள் குறுக்கிடுவார்கள். "பாதையை நம்பக்கூடாது என்பது எங்களுக்குத் தெரியும். ஐநோட் எண்ணைப் பார்க்க வேண்டும்" என்பார்கள். பாதையை நம்புகிறவர்களை விட இவர்களோடுதான் எனக்குச் சண்டை அதிகம். பாதையை நம்புகிறவர் அறியாமல் தவறுகிறார். இவர்களோ தவறான எண் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அறிந்துவிட்டதாக நிம்மதி கொள்கிறார்கள்.

இவர்கள் பக்கம் சட்டம் இருக்கிறது, மறுக்கவில்லை. வட்டின் சாதன எண், ஐநோட் எண் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கணினிக்குள் ஒரு கோப்பைத் தனித்து அடையாளம் காணலாம் என்கிறது போசிக்ஸ் தரநிலை. எந்த நேரத்தில்? அந்தக் கேள்வியை மறந்துவிடுகிறார்கள். மருத்துவமனையில் காலையில் கொடுத்த 14ஆம் எண் டோக்கனை மறுநாள் இன்னொருவருக்குக் கொடுப்பதுபோல், நீக்கப்பட்ட கோப்பின் ஐநோட் எண்ணை ஈஎக்ஸ்டி4 போன்ற முறைமைகள் அடுத்து வரும் கோப்புக்குக் கொடுத்துவிடும். சில நேரம் அடுத்த நொடியே கொடுத்துவிடும். டோக்கனில் தேதி இல்லாவிட்டால் ஒருவருடைய மருந்து இன்னொருவருக்குப் போகும்.

சன் நிறுவனம் 1980களில் என்எஃப்எஸ் எனும் வலைவழிக் கோப்பு முறைமையைச் செய்தபோது இந்தத் தேதியின் அவசியத்தைச் சரியாகப் புரிந்துகொண்டது. வலையின் அந்தப்பக்கம் இருக்கும் கணினி, சர்வரில் உள்ள ஒரு கோப்பை நீண்ட நேரம் நினைவில் வைத்திருக்க வேண்டும். இடையில் சர்வர் நின்று மறுபடி கிளம்பினாலும் அந்த அடையாளம் செல்லுபடியாக வேண்டும். ஐநோட் எண்ணை மட்டும் கொடுத்தால், இடையில் அந்தக் கோப்பு நீக்கப்பட்டு அதே எண்ணில் வேறொருவரின் கோப்பு முளைத்திருந்தால், எழுத்து அந்நியக் கோப்பில் போய் விழும். அதனால் ஒவ்வொரு ஐநோட்டுக்கும் தலைமுறை எண் ஒன்றைச் சேர்த்தார்கள். எண் மறுபடி பயன்படும்போது தலைமுறை மாறும். கொண்டுவந்த தலைமுறை பொருந்தாவிட்டால் சர்வர் மறுத்துவிடும். என்எஃப்எஸ் பயன்படுத்துகிறவர்கள் சலித்துக்கொள்கிற 'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்' என்ற பிழைச்செய்தி, உண்மையில் ஒருவரின் கோப்பை இன்னொருவர் கெடுக்காமல் காத்த செய்தி. மைக்ரோசாஃப்டின் என்டிஎஃப்எஸ் முறைமையும் இதையே செய்தது. அதன் 64 பிட் கோப்பு எண்ணில் 48 பிட் பதிவின் இடத்துக்கு, 16 பிட் அந்த இடம் எத்தனையாவது முறையாகப் பயன்படுகிறது என்பதற்கு. ஆனால் நிரல்கள் நாள்தோறும் அழைக்கிற, போசிக்ஸ் வரையறுத்த ஸ்டாட் அழைப்பில் தலைமுறை எண்ணுக்கு இடமில்லை. அது கொடுக்கிற இரண்டு எண்களை எடுத்துத் தரவுத்தளத்தில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த வாரம் வந்து "அதே கோப்புதான், பெயர் மட்டும் மாறியிருக்கிறது" என்று தீர்ப்புச் சொல்கிற நிரல்களை நான் நம்பத் தயாராக இல்லை.

சாதன எண்ணின் கதையும் நம்பிக்கை தருவதாக இல்லை. கணினியை மறுபடி இயக்கினால் அது மாறலாம். வெளிவட்டைக் கழற்றி மாட்டினாலும் மாறலாம். ஜிஎன்யூ டார் நிரல், படிப்படியான பேக்கப் எடுக்கும்போது கோப்புறைகளின் சாதன எண்ணையும் ஐநோட் எண்ணையும் குறித்து வைக்கிறது. என்எஃப்எஸ் போன்றவற்றில் சாதன எண் மாறிவிட்டால், எதுவுமே மாறாத கோப்புறைகளைப் புதியவை என்று எண்ணி மொத்தத்தையும் மறுபடி நகலெடுக்கும். அதைத் தவிர்க்க, சாதன எண்ணைப் பார்க்காதே என்று சொல்லும் தனி விருப்பத்தையே அவர்கள் சேர்க்க வேண்டியதாயிற்று.

ஒரே நொடியில், ஒரே கணினியில் பார்த்தாலாவது இந்த இரண்டு எண்களும் சொன்னபடி நிற்கின்றனவா? பல முறைமைகளில் அதுவும் இல்லை. பென்டிரைவிலும் கேமரா அட்டைகளிலும் இருக்கிற எஃப்ஏடி முறைமையில் ஐநோட் என்று ஒன்றே கிடையாது. லினக்ஸ் அவ்வப்போது ஓர் எண்ணைக் கற்பித்துக் கொடுக்கிறது. கோப்பைப் பற்றிய தகவல் நினைவகத்திலிருந்து வெளியேறி மறுபடி உள்ளே வந்தால், அதே கோப்புக்கு வேறு எண் கிடைக்கலாம். டாக்கர் கன்டெய்னர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஓவர்லே முறைமை, படிக்க மட்டுமான அடுக்கின் மேல் எழுதக்கூடிய அடுக்கை வைக்கிறது. கீழடுக்கிலுள்ள கோப்பைப் படிக்கத் திறக்கிறீர்கள். பிறகு இன்னொரு நிரல் அதையே எழுதத் திறக்கிறது. அப்போது கோப்பு மேலடுக்குக்கு நகலாகிவிடும். உங்கள் கையில் இருப்பது பழைய கோப்பு, அந்த நிரல் எழுதுவது புதியது. இரண்டு அடுக்குகளும் வெவ்வேறு முறைமைகளில் இருந்தால் எண்களும் மாறக்கூடும்.

பிடிஆர்எஃப்எஸ் விஷயம் இன்னும் சிக்கல். 2009இல் லினக்ஸுக்குள் வந்த அந்த முறைமையில், ஒரே வட்டுக்குள் துணைத்தொகுதிகள் பல இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி ஐநோட் வரிசை. ஒவ்வொன்றின் வேர்க் கோப்புறைக்கும் எண் 256. ஒரு துணைத்தொகுதியை ஸ்னாப்ஷாட் எடுத்தால் அதிலுள்ள அத்தனை கோப்புகளும் அசலின் எண்களையே சுமந்து நிற்கும். எண்கள் மோதாதிருக்க, ஒவ்வொரு துணைத்தொகுதிக்கும் அந்த நேரத்துக்கு உண்டாக்கிய பொய்யான சாதன எண் ஒன்றைக் காட்டி ஒப்பேற்றுகிறது. அந்த வட்டை என்எஃப்எஸ் வழியாக வெளியே கொடுத்தால் ஒப்பேற்றிய வேலை வெளுத்துவிடும். அந்தப்பக்கத்துக் கணினிக்கு 256 என்ற வேருக்குள் மறுபடி 256 தென்படும். கோப்புறை தன்னைத்தானே உள்ளடக்கியிருக்கிறது என்று தேடும் கருவிகள் முறையிடும்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பேக்கப் எடுக்கும் நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். டார் போன்ற நிரல்கள், இரண்டு பெயர்களுக்கு இரண்டு எண்களும் ஒத்துப்போனால், இவை ஒரே கோப்பின் ஹார்டு லிங்க்குகள் என்று முடிவு செய்து, இரண்டாவதன் உள்ளடக்கத்தை எழுதாமல் முதலாவதைச் சுட்டும் குறிப்பை மட்டும் எழுதும். எண்கள் உண்மையாக இருக்கும்வரை சரியான முடிவு. எண்கள் தற்செயலாக ஒத்துப்போனால் இரண்டாவது கோப்பு பேக்கப்பில் இல்லாமலே போகலாம். எந்த எச்சரிக்கையும் வராது. வட்டு போன பிறகு மீட்கப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும், தன் கோப்பின் பெயருக்குள் வேறொன்று இருக்கிறது என்று. இவ்வளவு பெரிய பொறுப்பை, முறைமைகள் முழுமையாக நிறைவேற்ற முடியாத ஒரு வாக்குறுதியின் மேல் ஏற்றி வைத்திருக்கிறோம்.

உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஹாஷ் எனும் எண்தான் உண்மையான அடையாளம் என்று மூன்றாவது கட்சி ஒன்று இருக்கிறது. மாறாத பொருள்களுக்கு அது நல்ல வழி. நிரல்களின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் அதை வைத்தே வாழ்கிறது. ஆனால் ஒரே உள்ளடக்கம் கொண்ட இரண்டு கோப்புகள் ஒரே கோப்பு அல்ல, நாளை ஒன்றை மட்டும் திருத்துவேன். நிமிடத்துக்கு ஒரு வரி கூடும் லாக் கோப்பு, நிமிடத்துக்கு ஒரு கோப்பும் அல்ல. ஹாஷும் நிரந்தரமானதல்ல. 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிலையமும் கூகுளும் ஷா-1 ஹாஷ் ஒன்றேயான இரண்டு வெவ்வேறு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டார்கள். வெப்கிட் திட்டத்தின் சப்வெர்ஷன் களஞ்சியத்தில் அந்த இரண்டையும் சேர்த்தபோது களஞ்சியமே பழுதானது.

அப்படியானால் எதுதான் ஒரு கோப்பின் அடையாளம்? இந்தக் கேள்வியை யார், எதற்காகக் கேட்கிறார்கள் என்பதை விட்டுவிட்டுப் பதில் சொல்ல முடியாது என்பதே என் வாதம். கட்டுரை ஒன்றை எடிட்டரில் திறந்து ஒரு வரியைத் திருத்திச் சேமிக்கிறீர்கள். பல எடிட்டர்கள் புதிய கோப்பில் முழுவதையும் எழுதி, அதைப் பழைய பெயருக்கு மாற்றி வைக்கின்றன. நடுவில் மின்சாரம் போனால் பழையதாவது முழுசாக இருக்கட்டும் என்று. நல்ல எண்ணம். ஆனால் ஐநோட்டின் கணக்கில் உங்கள் கட்டுரை இறந்து வேறொன்று பிறந்துவிட்டது. ஐநோட்டைக் கண்காணித்துக்கொண்டிருந்த நிரல் இறந்ததையே பார்த்துக்கொண்டிருக்கும். உங்கள் கணக்கில் அது அதே கட்டுரை. உங்கள் கணக்கே சரி. விண்டோஸ் இதற்கென்றே ஒரு விநோத ஏற்பாடு வைத்திருக்கிறது: ஒரு பெயர் நீங்கி 15 நொடிக்குள் அதே பெயர் திரும்பி வந்தால், பழைய கோப்பு உண்டான நேரத்தைப் புதியதற்குக் கொடுத்துவிடும். கோப்பின் கடைசி வரிகளைக் காட்டும் டெயில் கட்டளைக்குக்கூடத் திறந்த கோப்பையே தொடர்வதற்குச் சிறிய எஃப், பெயரைத் தொடர்வதற்குப் பெரிய எஃப் என்று இரண்டு விருப்பங்கள் உண்டு. இரண்டும் தேவை என்பதால்தான் இரண்டும் இருக்கின்றன.

ஆகவே பாதையை ஒழித்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்த இடத்தில் இப்போது எது இருக்கிறதோ அது வேண்டும் என்பது நியாயமான கேள்வி. ஒரு சேவை தன் அமைப்புக் கோப்பைத் தேடும்போது அதைத்தான் கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் பாதைதான் விடை. நேற்று நான் பார்த்த அதே பொருள் வேண்டும் என்பது வேறு கேள்வி. அதற்குப் பாதையைக் கொடுத்து ஏமாற்றக்கூடாது.

இந்த வேறுபாட்டை மதித்து வேலை செய்தவர்கள் இருந்திருக்கிறார்கள். 1991இல் மேகின்டாஷின் ஏழாம் சிஸ்டம் ஏலியாஸ் என்ற வசதியைக் கொண்டுவந்தது. அது பாதையை மட்டும் சேமிக்கவில்லை. கோப்பின் எண், அது இருந்த கோப்புறையின் எண், பெயர், வட்டின் பெயர், வட்டு உண்டான தேதி எல்லாவற்றையும் சேர்த்துக் குறித்துக்கொண்டது. கோப்பை அதே வட்டில் எங்கே நகர்த்தினாலும், என்ன பெயர் வைத்தாலும், கண்டுபிடித்துக் கொடுத்தது. பிற்பாடு மேக் ஓஎஸ் 10.2 பதிப்பில் ஆப்பிள் வரிசையை மாற்றியது: முதலில் பாதையைப் பார், கிடைக்காவிட்டால் எண்ணைப் பார். புதிய கோப்பைப் பழைய பெயரில் வைத்துச் சேமிக்கும் பழக்கம் பரவியிருந்த உலகில் அதுவே பயனரின் எண்ணத்துக்கு நெருக்கம். எதை முன்னால் வைப்பது என்பதில் அவர்கள் மனம் மாறினார்கள். ஒன்றை மட்டும் நம்பக்கூடாது என்பதில் மாறவில்லை. கூகுள் டிரைவ் இன்னொரு பக்கம் துணிந்து போனது. ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் எத்தனை கோப்பு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளக் குறியீடு இருக்கிறது, பெயர் வெறும் தலைப்பு. பெயரை மாற்றினாலும் நீங்கள் பகிர்ந்த இணைப்பு வேலை செய்வது அதனால்தான்.

நிரலாளர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. கோப்பை ஒருமுறை திறந்துவிட்டால், அதற்குமேல் பாதையைத் தொடாதீர்கள். கெர்னல் கொடுத்த ஃபைல் டிஸ்கிரிப்டரிடமே எல்லாவற்றையும் கேளுங்கள். அனுமதியையும் கோப்பைத் திறந்த பிறகே பாருங்கள். டிஸ்கிரிப்டர் கையில் இருக்கும்வரை அந்த ஐநோட் எண் வேறு கோப்புக்குப் போகாது. சொந்த ஐநோட் வைத்திருக்கும் முறைமைகளில் இரண்டு எண்களை ஒப்பிடுவது ஓரளவு பத்திரமாக இருப்பது அந்தச் சமயத்தில் மட்டுமே. நாளைக்கும் அதே கோப்பு வேண்டும் என்றால், எண்ணோடு பெயர், அளவு, நேரம் என்று பல தடயங்களைச் சேர்த்து வையுங்கள். தடயங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் நீங்களாக முடிவு செய்யாமல் கோப்புக்கு உரியவரைக் கேளுங்கள். பேக்கப் நிரலில் சந்தேகம் வந்தால் இரண்டு முறை நகலெடுங்கள். இடம் வீணாவது நஷ்டமே அல்ல.

கல்லூரிகளில் கோப்பைக் கையாளும் பாடம் பெரும்பாலும் பெயரைக் கொடுத்துத் திற என்பதில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒரே கோப்புக்கு இரண்டு பெயர் வைத்து, ஒன்றை நீக்கி, மற்றதைப் படித்துக் காட்ட ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை மாணவர்களுக்குக் கொடுங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கோப்பு முறைமைகளை எழுதுகிறவர்களுக்கும் பங்கு இருக்கிறது. 64 பிட்டுக்குள் எல்லாவற்றையும் திணிக்க முடியாது என்பதை மைக்ரோசாஃப்ட் 2012இல் ரீஃப்எஸ் முறைமையோடு ஒப்புக்கொண்டு 128 பிட் எண்ணுக்குப் போனது. பழைய 64 பிட் எண் அங்கே தனித்துவமானது என்று உறுதி சொல்ல முடியாது என்று ஆவணத்திலும் எழுதியது. லினக்ஸில் 2011 முதல் ஃபைல் ஹேண்டிலைக் கேட்டு வாங்கும் அழைப்பு இருக்கிறது. என்எஃப்எஸ் பயன்படுத்தும் அதே வகை அடையாளம், வழக்கமான முறைமைகளில் தலைமுறை எண்ணோடு சேர்த்து, எந்த நிரலுக்கும் கிடைக்கும். துணைத்தொகுதியின் எண்ணைத் தனியாகச் சொல்லும் வசதி 2024இல் 6.10 கெர்னலில் வந்தது. எல்லா முறைமைகளும் இவற்றைத் தருவதில்லை, தராதவை தர வேண்டும். டாரும் டியூவும் இன்றைக்கும் அந்தப் பழைய இரண்டு எண்களைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பராமரிக்கிறவர்கள் ஹேண்டில் கிடைக்கும் இடத்தில் ஹேண்டிலைக் கேட்கட்டும். கிடைக்காத இடத்தில், ஹார்டு லிங்க் என்று தாங்களே தீர்மானிக்காமல் உள்ளடக்கத்தை முழுதாக எழுதட்டும்.